மூன்றாம் விதியை இழுத்த நாலு பேர்

சினிமாவில் கதாநாயகன் எட்டி உதைத்தால் அடியாள் அந்தரத்தில் பறந்து போய்த் தேங்காய்க் கடையில் விழுவான். உதைத்தவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று காலரைச் சரி பண்ணுவான். இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தனை வேகத்தில் ஒருவனைத் தள்ளினால் தள்ளியவனும் பின்னால் போயாக வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி, ஐயா! பள்ளிக்கூடப் பாடம்! திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான். வருஷா வருஷம் ஒரு வகுப்பை இந்தச் சண்டைக் காட்சிகளைக் கிழிப்பதற்கென்றே ஒதுக்குவேன். மாணவர்களிடம் எனக்கு இருந்த மரியாதையே அந்த வகுப்பால்தான். அது கரமனை ஆற்றோடு போன கதையைக் கேளுங்கள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். இங்கே கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியை வைத்து வீடியோ எடுத்து, அதில் தேதியைப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். 'சேவ் தி டேட்' என்று பெயர். மற்றவர்கள் கடற்கரையில் கைகோத்து நடப்பார்கள். கழக்கூட்டத்தில் ஐடி வேலை பார்த்த என் வருங்கால மனைவி வைதேகிக்கு அது போதவில்லை. ரௌடி அவளிடம் வம்பு பண்ணணுமாம், நான் உதைக்கணுமாம், அவன் பறக்கணுமாம்.

"பறக்கமாட்டான்" என்றேன்.

"கல்யாண வீடியோலயும் கிளாஸ் எடுக்கணுமாக்கும்? கொஞ்சம் சும்மா இருங்கோளேன்!"

"என் ஸ்டூடண்ட்ஸ் பாத்தா காறித் துப்புவா."

வீடியோக்காரன் ஷிபு குறுக்கே வந்தான். (மலையாளி. முடியாது என்ற வார்த்தையே தெரியாதவன்.) "எந்தா சாரே பிரச்னம்?"

விளக்கினேன். அவன் பறந்தால் நானும் பின்னால் போகணும், எனக்கு எடை ஜாஸ்தி என்பதால் வேகம் குறையும்.

"அத்ரேயுள்ளோ? சாரினும் ஒரு கயறு கெட்டாம்!" என்றான். ரௌடியைப் பறக்கவைக்க இடுப்பில் கயிறு கட்டிப் பின்னாலிருந்து இழுப்பார்களாம். அவ்வளவுதானே, அதே மாதிரி எனக்கும் ஒன்று கட்டிவிடலாமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் தடவையாகக் கேமரா பிடித்த ஒருத்தன் இயற்பியலுக்குக் காது கொடுக்கிறான்! (வடிகட்டின முட்டாள். என்னைத்தான் சொல்கிறேன்.)

ஞாயிற்றுக்கிழமை காலை, கரமனை ஆற்றுப் படித்துறை. பக்கத்தில் கட்டட வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர்களைக் கயிறு இழுக்கப் பிடித்திருந்தான் ஷிபு. ரௌடி வேஷம் வைதேகியின் தம்பி கிச்சுவுக்கு. அவனுக்குப் பின்னால் மெத்தை. எனக்குப் பின்னால் ஆறு, என் கயிற்றின் மறுமுனை ஆற்றோரப் புதர் மறைவில். "ஒரு அடி போனாப் போதும், மெதுவா" என்று ஷிபுவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"ஆக்‌ஷன்!"

காலைத் தூக்கினேன். அது கிச்சு மேல் படக்கூட இல்லை. அவன் சொகுசாக மெத்தையில் போய் விழுந்தான். நானோ தூக்கின கால் தூக்கினபடியே படித்துறை முழுவதையும் தாண்டி, குளித்துக்கொண்டிருந்த ஒரு மாமாவின் சோப்புப் பெட்டியையும் தட்டிவிட்டு, தொப்பென்று ஆற்றில் விழுந்தேன். புது வேஷ்டி தன் பாட்டுக்குத் தனியாகப் போயிற்று.

"எத்தனை பேருய்யா இழுத்தீங்க?" என்று தண்ணீருக்குள்ளிருந்தே கத்தினேன்.

"அந்தத் தம்பிக்கு ரெண்டு பேரு. நீங்க வெயிட்டு ஜாஸ்தில்லா சார், அதான் நாலு பேரு!"

எடை கூடினால் வேகம் குறையும் என்றல்லவா சொன்னேன்! ஷிபு அவர்களிடம் என்னத்தைச் சொல்லித் தொலைத்தானோ. வைதேகி படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கை கொடுக்கக்கூட வரவில்லை.

"அதை அழிச்சுடுடா, நாளைக்கு நான் காலேஜுக்குப் போகணும்" என்று ஷிபுவிடம் கெஞ்சினேன். "ஓ சாரே" என்று தலையாட்டினான். அழித்தது கயிற்றை மட்டும். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பார்த்துவிட்டது. (வைதேகி அனுப்பவில்லையாம். நான் நம்பிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.)

மறுநாள் சிரிப்புக்குத் தயாராகத்தான் வகுப்புக்குள் நுழைந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பலகையில் என் உருவம், அம்புக்குறி, சமன்பாடு. முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, நான் கற்றுக்கொடுத்த அதே முறையில் கணக்கை விளக்கினாள். "கால் படவே இல்லை. அப்புறம் இந்த எடையுள்ள ஆள் இவ்வளவு தூரம் எப்படிப் போவார்? எல்லாம் கிராஃபிக்ஸ். நீங்களே இப்படிப் பண்ணலாமா சார்?"

நிஜமாகவே விழுந்தேன் என்று சத்தியம் பண்ணினேன். முழங்கால் காயத்தைக் காட்டினேன். கயிற்றைப் பற்றிச் சொன்னேன். நம்பினால்தானே!

இப்போது அந்த வகுப்பை ஒரு இளைய ஆசிரியர் எடுக்கிறார். நடக்கவே முடியாத காட்சிக்கு அவர் காட்டும் முதல் உதாரணம் என் வீடியோதான். போகட்டும், வீட்டிலாவது நியாயம் கிடைக்கும் என்று பார்த்தேன். போன வாரம் என் பெண் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா நெஜமாவே ஆத்துல விழுந்தாளா?" என்று கேட்டாள்.

நேரில் பார்த்தவள் ஐயா வைதேகி! கண் கொட்டாமல் சொல்கிறாள்: "சீ, அப்பாவுக்கு ஏதுடீ அவ்ளோ தைரியம்? எல்லாம் கிராஃபிக்ஸ்."