கியாக்தான் தீவில் விட்டுவந்த ஜார்ஜ்

கூட்டிப்போன ஆளைத் தொலைக்கக் கூடாது என்பதுதான் வழிகாட்டி வேலையின் முதல் பாடம். நான் அதில் முதல் நாளே தோற்றேன். தொலைத்தது கூடத் தெரியாமல் பெருமையாக நின்றேன் என்பதுதான் இதில் விசேஷம்.

பர்மாவில் யாங்கோனுக்கு வெளிநாட்டுப் பயணிகள் நிறைய வந்துகொண்டிருந்த நேரம் அது. என் அண்ணன் முருகேசன் போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டுச் சுற்றுலா ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். கையைக் கடிக்காத பயணங்கள்தான் அவன் சரக்கு. நகரைச் சுற்றிவரும் ரயில், அக்கரை டலாவுக்கு ஃபெர்ரி, பஸ் பிடித்துப் போனால் கியாக்தானில் ஆற்று நடுவே நிற்கும் புத்தர் கோயிலான பகோடா.

அமெரிக்காவிலிருந்து ஜார்ஜ், ஹெலன் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி வந்தார்கள். செலவு குறைவாக இருக்க வேண்டும், ஊரில் போய்ச் சொல்லிக்கொள்ளும்படியும் இருக்க வேண்டும் என்றார்கள். கியாக்தான் முடிவாயிற்று. புறப்படும் காலையில் அண்ணனுக்குக் காய்ச்சல். "நான் போறேண்ணே" என்றேன். (என் ஆங்கிலத்தின் மேல் அப்போது எனக்கிருந்த மதிப்பு வேறு யாருக்கும் இல்லை.)

"ராத்திரி அவங்களுக்கு ஃப்ளைட்டு. நாலு மணிக்கு இங்க இருக்கணும் செல்வி. இவங்கதான் நமக்கு முதல் அமெரிக்காக்காரங்க" என்றான் அண்ணன்.

கியாக்தானில் ஹெலனுக்கு முழங்கால் வலி. கரையில் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் ஜார்ஜும் மட்டும் படகேறினோம். வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு அவர் அரைக்கால் சட்டையில் வந்திருந்ததால், பகோடா வாசலில் வைத்திருந்த பச்சை லோஞ்சிக் கைலிகளில் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அவர் சுற்றிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் புத்தர் முன் உட்கார்ந்து என் வேலை நிலைக்க வேண்டிக்கொண்டேன். எழுந்து பார்த்தால் வானம் கறுத்திருந்தது. மணி ஒன்றரை.

படித்துறையில் பச்சை லோஞ்சி, வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "டைம்! ஃப்ளைட்! கம்!" அவர் மிரண்டு பார்த்தார். இழுத்தேன், வந்தார். படகில் பகோடாவின் வரலாறு முழுவதையும் சொன்னேன். "ஓகே, ஓகே" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். நல்ல மாணவர் என்று நினைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் ஹெலன் நிமிர்ந்து பார்த்தார். "இவர் யாரு?"

"உங்க கணவர்" என்றேன்.

நான் கூட்டிவந்தவர் தொப்பியைக் கழற்றினார். வழுக்கை. ஜார்ஜுக்குத் தலைநிறைய நரைமுடி.

"போலந்து" என்றார் அந்த மனிதர், நெஞ்சைத் தொட்டு.

அந்த நிமிடம் மழை இறங்கியது. ஹெலன் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "இது ஜார்ஜோட இதய மாத்திரை. ரெண்டு மணிக்குப் போடணும்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் அட்டையை வாங்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினேன்.

படகுக்காரர் கோ வின்னின் அம்மா தமிழ். "மா செல்வி, காத்து பெருசா இருக்கு. இப்ப போனா நாம ரெண்டு பேரும் மீனுக்குத்தான்" என்றார்.

போன் அடித்தது. அண்ணன். "எங்க வந்துட்டீங்க?"

"வந்துகிட்டே இருக்கோம்ணே."

"சத்தம் என்ன?"

"பஸ்ஸுண்ணே." (பின்னால் ஆறு இரைந்துகொண்டிருந்தது.)

மழை விட ஒரு மணி நேரம் ஆயிற்று. தீவில் இறங்கி மண்டபம் மண்டபமாக "ஜார்ஜ்! ஜார்ஜ்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மயங்கி விழுந்திருப்பாரோ, ஆற்றில் தவறியிருப்பாரோ என்று என்னென்னவோ ஓடியது.

கடைசி மண்டபத்தில் இருந்தார். உயிரோடு. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தேம்பித் தேம்பி அழ, அவர் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை வந்தே! போலீஸைக் கூப்பிடணும்" என்றார் ஜார்ஜ். "இந்தம்மாவோட கணவரை யாரோ கடத்திட்டாங்க. ஒரு பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனதைக் கண்ணால பார்த்திருக்காங்க."

அந்த அம்மாள் தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். விரலை நீட்டினார்.

மாத்திரையை முதலில் கொடுத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஜார்ஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். போலந்து அம்மாள் சிரிக்கவில்லை. கரையில் கணவரைக் கண்டதும் கட்டிக்கொண்டார். நான் இரண்டடி தள்ளியே நின்றேன்.

மழைத் தண்ணீரில் பஸ் சிக்கி, நாங்கள் ஊர் சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. ஜார்ஜும் ஹெலனும் அன்று பசுந்தாங்கில் எங்கள் வீட்டில் தங்கி, அம்மா வைத்த ரசத்தைக் குடித்தார்கள். மறுநாள் காய்ச்சலோடு அண்ணனே அவர்களை ரயிலில் சுற்றிக் காட்டினான். அதற்குப் பிறகு நான் யாரையும் எங்கும் அழைத்துப் போனதில்லை. மேசையில் உட்கார்ந்து டிக்கெட் எழுதுவதோடு சரி.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், மண்டபமே கேட்கும்படி அண்ணன் சொன்னான்: "செல்வி, நல்லா மூஞ்சியப் பாத்துக்க. இவர்தானே?"

இன்றைக்கும் நானும் அவரும் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "போறப்ப கூட்டிட்டுப் போறவரையே வர்றப்பவும் கூட்டிட்டு வாடி!"