கிட்டத்து ஜோடியும் தூரத்து ஜோடியும்

அன்புள்ள மச்சான் குணாவுக்கு,

ஆரம்பாக்கத்திலிருந்து உன் தங்கை புருஷன் தணிகைவேல் எழுதிக்கொள்வது. நான், பானு, மகள் கவிப்பிரியா மூவரும் நலம். ஊத்துக்கோட்டையில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். கேட்டால் பதில் சொல்ல மாட்டாய், அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் கும்மிடிப்பூண்டி கம்பி ஆலை ஆட்கள் எல்லாம் என் வீட்டில் கூடுகிறார்கள். பந்தியில் யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, கவிப்பிரியா ஒவ்வொருவருக்கும் போன் போட்டு உப்பு, கோபம், குறட்டை என்று எல்லாவற்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஆளுக்கு ஒரு வரிசை எண்கள். எண்கள் ஒத்துப்போனால் கிட்டத்து ஜோடி, முட்டிக்கொண்டால் தூரத்து ஜோடி. "ஒவ்வொருத்தனையும் மீதி எல்லாரோடவும் வச்சுப் பாரு"ன்னேன். "அப்டிப் பாத்துக்கினு இருந்தா பிரியாணி ஆறிப்பூடும் நைனா. ஒரே மாதிரி ஆளுங்கள கும்பலா பிரிச்சுட்டா, கிட்டத்து ஜோடிய அங்கங்க பக்கத்துலயே தேடிக்கலாம். தூரத்து ஜோடிக்கு ஓரத்துல நிக்கறவங்கள பாத்தா போதும், நடுவுல இருக்கறவங்க வேணாம்" என்றாள். தூரத்து ஜோடி சட்டென்று வந்துவிட்டது. ஒரு ஓரத்தில் நான், எதிர் ஓரத்தில் உன் தங்கை! "இத்த கண்டுபுடிக்க கம்ப்யூட்டர் இன்னாத்துக்கு?" என்று பானு சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

கிட்டத்து ஜோடி யார் தெரியுமா? நீயும் நானும்.

ஞாபகம் இருக்கா மச்சான்? பானுவின் வளைகாப்பு அன்று நைட் ஷிப்ட் முடிந்து வளையல் பெட்டியோடு ரயில் ஏறினோமே. நீ எழுப்புவாய் என்று நானும், நான் எழுப்புவேன் என்று நீயும் தூங்கி, இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி சூலூர்பேட்டையில் கண் விழித்து, பிளாட்பாரத்திலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டோம். அன்றைக்கு நின்றுபோன பேச்சு. அப்போது வயிற்றில் இருந்தவள்தான் இந்தக் கவிப்பிரியா. தாய்மாமனைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். அதற்கு முன்னால் தினமும் ஷிப்ட் முடிந்து வரும்போது அந்த ரயிலில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து ரெண்டு பேரும் நாஷ்டா துன்னுக்கினு போவோமே, அது மாதிரி ருசி அப்புறம் கிடைக்கவே இல்லை. ஏங்குது மச்சான், நிஜமாத்தான் சொல்றேன். வந்துடு. என் பக்கத்து இலை உனக்குத்தான். நான் கூப்பிடவில்லை, கணக்கு கூப்பிடுகிறது.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
தணிகைவேல்

பி.கு.: கவிப்பிரியா எத்தனை தடவை அடித்தும் நீ போனை எடுக்கவில்லை. அதனால் உன் கேள்விகளுக்கும் நானே பதில் சொல்லிவிட்டேன். தப்பா இருந்தா நேர்ல வந்து திட்டு.