மரநாய் ஏன் அம்மாவின் காரைக் கடிக்கிறது

அன்பு மகள் ரிகேவுக்கு,

அப்பா எக்கார்ட் எழுதுவது. கீல் நகரத்துக் கடற்காற்றில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே என் முழங்கால் நலம், ரத்த அழுத்தம் நலம், கொல்லையில் போட்ட உருளைக்கிழங்கு மிக மிக நலம். அம்மாவின் பச்சைக் கார் மட்டும் நலமில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம்" என்கிறாயே, அந்த "ம்" கேட்டதும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கடிதத்துக்கு நடுவில் நீ "ம்" சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு நான் வராததற்கு "வண்டி மக்கர்" என்று ஒரே வரியில் சொல்லி வைத்தேன். நீயும், "அப்பவே சொன்னேன்ல? அந்தக் காரை வித்துட்டு இங்கயே வந்துடுங்கப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். நடந்தது ஒரு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை, மகளே. அன்று காலை பின்சீட்டில் இனிப்பு ரொட்டியை வைத்து, கழுத்துப்பட்டை கட்டி, சாவியைத் திருப்பினால், வண்டி பீடி குடித்த கிழவனைப் போல் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போயிற்று. பட்டறை ட்ராவ்கோட் பண்டிகை உடையோடு வந்து பானெட்டைத் திறந்தான். உள்ளே ஒயரெல்லாம் மென்று துப்பியிருக்கிறது, ரேடியேட்டர் குழாயில் பல் பதிந்திருக்கிறது, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெத்தை கந்தலாகத் தொங்குகிறது, பேட்டரியின் மேல் சேற்றுக் கால்தடம், பக்கத்தில் பாதி முட்டை ஓடு. "டேய் எக்கார்ட், உனக்கு முன்னாடியே மரநாய் ஈஸ்டர் கொண்டாடிட்டுப் போயிருச்சுடா" என்று அவன் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

அது முதல் கடியும் இல்லை. முதல் கடி போன இலையுதிர் காலத்தில், உன் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டுத் திரும்பிய மறுநாள் விழுந்தது. அன்றிலிருந்து நான் செய்யாத வைத்தியம் இல்லை. எதிர்வீட்டு கெர்லிண்டே, கழிப்பறையில் தொங்கவிடும் வாசனைக் கட்டியை எஞ்சினில் கட்டச் சொன்னாள். மறுநாள் காலை அது என் வாசற்படியில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. பிறகு தன் நாய் ஃப்ளோக்கியைச் சீவி எடுத்த முடியை ஒரு பழைய காலுறையில் அடைத்துக் கொடுத்தாள், நாய் வாசனைக்கு மரநாய் கிட்டவே வராதாம். எஞ்சின் சூடானதும் கார் முழுக்க நனைந்த நாய் நாற்றம், ஃப்ளோக்கிக்கோ தன் வாசனை ஊர் சுற்றுவது பொறுக்காமல் தினமும் வந்து என் டயரை நனைத்துவிட்டுப் போனது. கடைசியில் எல்லோரும் செய்கிறபடி கம்பி வலை வாங்கி, கட்டையில் அடித்து, காருக்கு அடியில் விரித்தேன், வலைமேல் கால் வைக்க மரநாய்க்குப் பிடிக்காது என்பார்கள். கடையில் மீந்திருந்தது ஒரே ஒரு சுருள். இன்னொருவரும் அதே நேரத்தில் கைவைத்ததால் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டோம். வலை நன்றாகத்தான் வேலை செய்தது. அதை எடுத்து வைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கிளப்பியது மட்டும்தான் என் பிழை. வழிபாடு முடிந்து ஊரே வெளியே வரும் நேரத்தில், வலையையும் கட்டையையும் கடகடவென்று இழுத்துக்கொண்டு தேவாலய வாசலைக் கடந்தேன். போதகர் ஒதுங்கி நின்று எனக்குக் கையசைத்தார். ஆசீர்வதித்தாரா, நிறுத்தச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் மறுபடியும் கடி. இந்தத் தடவை ட்ராவ்கோட் சிரிக்கவில்லை. கைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போலீஸ்காரன் மாதிரி என்னைப் பார்த்தான்.

"டேய், ராத்திரி வண்டிய எங்க நிறுத்துற?"

"என் ஷெட்லதான்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"நீ பொய் சொல்லலாம், மரநாய் சொல்லாது. இங்க பாரு, உன் ஷெட்ல இருக்கிற மரநாய்க்கு உன் எஞ்சின் மேல பாசம்டா. வெதுவெதுன்னு இருக்கும், படுத்துக்கும், ஒண்ணும் பண்ணாது. ஆனா வண்டி வேற ஊர்ல தங்கிச்சுன்னு வை, அங்க வேற ஒண்ணு வந்து படுத்து வாசனையை விட்டுட்டுப் போகும். நீ வீட்டுக்கு வந்ததும் நம்மாளு மோந்து பாத்துட்டு, 'என் எடத்துல எவன்டா படுத்தது'ன்னு வெறி புடிச்சுக் கடிச்சுத் தள்ளும். அதுக்கு ஒயர் மேல கோவமே இல்ல. சொல்லு, எங்க தங்கின?"

"ஒரே ஒரு தடவை எர்லன்டால்ல தங்கவேண்டியதாப் போச்சு. ரோடெல்லாம் பனி உறைஞ்சுபோச்சுடா."

"மே மாசத்துலயா?"

பட்டறையே கொல்லென்று சிரித்தது. பனிக்கால டயரைக் கழற்றிப்போட வந்திருந்த கெர்லிண்டே, "எர்லன்டாலா? அய்யய்யோ, அது கத்தோலிக்க ஊராச்சே!" என்று வாயில் கைவைத்தாள். "அதான் இந்தக் கடி கடிச்சிருக்கு. நம்ம ஊர் மரநாய் அசல் புராட்டஸ்டன்ட், விடுமா?" என்றான் ட்ராவ்கோட். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வீடு முறைவைத்துத் தெருக் கூட்டுவோமே, அந்த வார முறை கெர்லிண்டேவுடையது. கதை எவ்வளவு வேகமாகப் போயிருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். ரொட்டிக் கடைக்காரி, "சின்ன ரொட்டி ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?" என்று கேட்டாள். நாற்பது வருஷம் நில அளவை ஆபீசில் உத்தியோகம் பார்த்த என்னை ஒரு மரநாய் காட்டிக்கொடுத்துவிட்டது, ரிகே.

சரி, சொல்லிவிடுகிறேன். வலையின் மறுபாதியை வாங்கிப் போனவர் பெயர் மார்லீஸ். புருஷன் இறந்து ஒன்பது வருஷம். வீடு எர்லன்டாலில். பள்ளத்தாக்குப் பஸ்ஸை ஓய்வு பெறும்வரை ஓட்டியவர், மேட்டில் இருக்கும் நம் ஊரார் எல்லோரும் அவருக்கு மேலூர்க்காரர்கள். சீட்டாட்டத்தில் என்னை ஜெயிக்கும்போதெல்லாம், "என்னங்க மேலூர்க்காரரே, உங்க ஊர்ல சீட்டு சொல்லிக்கொடுக்க மாட்டாங்களா?" என்று பஸ் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரலில் சிரிப்பார். அம்மா போன பிறகு நம் வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. இதைவிட நாகரிகமாக எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது சமையலறையில் அம்மாவின் கொக்கியில் மஞ்சள் பூப்போட்ட ஏப்ரன் தொங்கியது. நீ அதைப் பார்த்தாய். எடுத்து, நான்காக மடித்து, இழுப்பறையில் வைத்து மூடினாய். யாருடையது என்று கேட்கவில்லை. அடுத்த நிமிஷம், காரை விற்க வேண்டும், வீட்டைப் பூட்ட வேண்டும், எனக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை, சூப்பில் உப்பு அதிகம் என்று வரிசையாக ஆரம்பித்தாய். அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கு என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பட்டறையில் ட்ராவ்கோட் அந்த மெத்தைக் கந்தலைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோதுதான் சட்டென்று புரிந்தது. என் குழந்தைக்குக் கார் மேலும் கோபமில்லை, சூப்பு மேலும் கோபமில்லை. அவள் சுருண்டு படுத்து வளர்ந்த வெதுவெதுப்பான இடத்தில் வேறு வாசனை வந்துவிட்டது, அவ்வளவுதான். பெற்ற மகளை மரநாயோடு ஒப்பிடுகிறாரே என்று கோபித்துக்கொள்ளாதே. அந்த மரநாய் முதலில் கடித்தது உன் வீட்டு வாசனைக்காக என்பதையும் மறந்துவிடாதே. அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் என்றெல்லாம் கிடையாது.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ட்ராவ்கோட் எஞ்சினை வாசனை போகக் கழுவி, ஒயர்களுக்கெல்லாம் கெட்டி பிளாஸ்டிக் உறை மாட்டிக் கொடுத்தான். வண்டி இனி வேறெங்கும் தங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னான். மார்லீஸிடம் போய் இனி வருவதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். "சரிங்க மேலூர்க்காரரே. காருக்கு ஒயர் முக்கியம்தான்" என்றார். சிரிக்கவில்லை. ஆப்பிள் கேக்கை டப்பாவோடு என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அம்மாவின் காரில் நான் மட்டும் வருகிறேன், உன் வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. விற்பது பற்றி அங்கே பேசிக்கொள்ளலாம்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நோய்நொடி அண்டாத ஆயுசும், ஒழுகாத கூரையும், காலையில் முதல் திருப்பிலேயே கிளம்பும் வண்டியும் வாய்க்கட்டும். கெர்லிண்டே விசாரித்தாள், ஃப்ளோக்கியும் விசாரித்தது.

உன் அன்பு அப்பா,
எக்கார்ட்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் உருளைக்கிழங்கைத் தவிர எதையும் நம்பாதே. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியவன், தபால் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டேன். கேக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? மார்லீஸின் வீட்டு எதிரில் நிறுத்தி, என்ன சொல்வது என்று காருக்குள்ளேயே உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். வழியில் உள்ள சுரங்கப்பாதையில் போட்ட கார் விளக்கை அணைக்க மறந்ததில் பேட்டரி படுத்துவிட்டது. மார்லீஸ் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"மரநாயா?"

"இல்ல. லைட்டை அணைக்க மறந்துட்டேன்."

"பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டு என் வாசல்லயே உக்காந்திருக்கீங்களாக்கும். எறங்குங்க மேலூர்க்காரரே, சூப்பு ஆறுது."

இறங்கிவிட்டேன். உதவிக்கு ட்ராவ்கோட்டைக் கூப்பிட்டால், "அங்கயே இருடா" என்று போனை வைத்துவிட்டான். வண்டி இங்கேயே நிற்கிறது. இன்றைக்கு எர்லன்டால் மரநாய் அதில் சுகமாகப் படுத்துக்கொள்ளும். ஊருக்குத் திரும்பினால் நம் மரநாய் கடிக்கும். கடிக்கட்டும், பாவம், பாசத்தில்தானே. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறோம், இரண்டு பேர். அம்மாவின் கொக்கி அம்மாவுடையதாகவே இருக்கும். ஏப்ரனுக்கு வேறு ஆணி அடித்துக்கொள்கிறேன், எந்தச் சுவரில் என்று நீ வந்து காட்டு. உனக்குக் கடிக்கத் தோன்றினால் தாராளமாகக் கடி, கண்ணே. நான் வலை எதுவும் விரித்துவைக்கப் போவதில்லை.