இரண்டாம் எட்வர்டு சாக மறுத்தார்

"மூணாவது எட்வர்டா? யாரு கண்ணு சொன்னது? நீ ரெண்டாவது எட்வர்டு."

மேக்கப் போடும் பிரெண்டா இதைச் சொன்னபோது டெரிக் ஓல்ராய்டின் முகத்தில் பாதித் தாடிதான் ஒட்டியிருந்தது. மீதிப் பாதி அவள் கையில் இருந்தது.

"ரெண்டாவதுன்னா... அந்த..."

"அதே ஆளுதான். பெண்டாட்டியே சிறையில தள்ளி, பழுக்கக் காய்ச்சின கம்பியால... வேண்டாம், நீ இன்னும் சாப்பிடல. அசையாதே."

டெரிக் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவன்தான், பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் படித்தவன்தான். ஆனால் அப்பன் எட்வர்டு, மகன் எட்வர்டு, பேரன் எட்வர்டு என்று வரிசையாக ஒரே பெயரை வைத்துத் தொலைத்த வம்சத்தில் எவன் எவனென்று யாருக்கு நினைவிருக்கும்? டிவி தொடரில் எட்வர்டு ராஜா வேஷம் என்று போனில் சொன்னதுமே நூலகத்துக்கு ஓடிப்போய்ப் புரட்டினான். ஐம்பது வருஷம் ஆண்ட எட்வர்டு ஒருவன் கண்ணில் பட்டான். அடேயப்பா, ஐம்பது வருஷம்! ஐந்து சீசனுக்குக் கவலையில்லை என்று புத்தகத்தை மூடிவிட்டான். அதற்கு முந்தைய பக்கத்தில் அந்த எட்வர்டின் அப்பன் இருந்ததை அவன் பார்க்கவில்லை.

படப்பிடிப்பிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. கதை கசியக் கூடாதென்று அவரவர் வசனப் பக்கங்களை மட்டும்தான் கொடுத்தார்கள். அடுத்த சீசனைப் பற்றி வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

வேலை போனால் டெரிக் போக வேண்டிய இடம் தயாராக இருந்தது. லீட்ஸ் நகரில் அவன் மைத்துனன் கீத் சவ அடக்கத் தொழில் நடத்தினான். டெரிக்குக்குப் பிணம் என்றால் நடுக்கம். ஒரு தடவை ஆள் குறைகிறதென்று சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கப் போனவன், உள்ளே ஏதோ நகர்ந்தது போலிருந்ததும் கையை விட்டுவிட்டான். அந்த வீட்டம்மா போட்ட அலறல் இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை.

அன்று மதியம் மனைவி ஜனீன் போன் செய்தாள்.

"கீத் கறுப்புக் கோட்டு தைக்க உன் அளவு கேக்குறான்."

"அஞ்சு சீசன்னு அவன்கிட்டச் சொல்லு."

"சொல்லிட்டேன். 'சும்மா அளவு இருக்கட்டும்'ங்கிறான்."

டெரிக் போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போனான். அங்கே பெர்னார்டு உட்கார்ந்து சாசேஜை வெட்டி வெட்டித் தின்றுகொண்டிருந்தார். அவர் முதலாம் எட்வர்டு. ஸ்காட்லாந்துப் படையெடுப்பில் வயிற்றுப்போக்கு வந்து போன வாரமே செத்துப்போனவர். வீட்டுக்குப் போக மனசில்லாமல், முகத்தில் சாம்பல் பவுடரோடு இங்கேயே சுற்றுகிறாரே, பாவம்!

"உன் முறை வருதாமே?" என்று பெர்னார்டு கண்ணடித்தார். "பயப்படாதே தம்பி. செத்துப் பாரு, அப்புறம்தான் நல்லாயிருக்கும்."

ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று டெரிக் முடிவு கட்டினான். நாமும் இப்படி ஆகிவிடக் கூடாது. கதை எழுதும் ஃபெலிசிட்டியைத் தேடிப்போய் மழையிலேயே மடக்கினான்.

"அம்மணி, என்னைக் கொல்லாம இருக்க வழியே இல்லையா?"

ஃபெலிசிட்டி குடையைச் சாய்த்து அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒரு பழைய கதை இருக்கு. ராஜா தப்பிச்சு இத்தாலிக்கு ஓடிப்போய்த் துறவி ஆகிட்டார்னு. வாசல் காவலாளியைக் கொன்னு, அந்த உடம்பையே ராஜான்னு புதைச்சிட்டாங்களாம்."

"பிரமாதம்! அதையே வைங்க!"

"நல்லா யோசிச்சீங்களா? சாகலேன்னா அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"உயிரோட இருக்கிறதுக்கு யாராவது வருத்தப்படுவாங்களா?"

வாசல் காவலாளி வேஷத்தில் வில்ஃப் என்ற துணை நடிகர் இருந்தார். முதல் நாளிலிருந்து ஈட்டியோடு நின்றதைத் தவிர அவருக்கு வேலையில்லை, ஒரு வார்த்தை வசனமில்லை. டெரிக்குக்கு உறுத்தியது. போய் மன்னிப்புக் கேட்டான்.

"பரவாயில்ல மகாராஜா," என்றார் வில்ஃப், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உங்களுக்காகச் சாகத்தானே என்னை நிக்க வச்சிருக்காங்க."

நிலவறையில் அந்தக் கொலையை எடுத்தபோது டெரிக் வெளியே மழையில் நின்றான். உள்ளேயிருந்து வந்த அலறலில் கூடாரத்தில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. அது தன் அலறலாக இருந்திருக்க வேண்டியது. ஆனாலும் பிழைத்தோமே!

மறுநாள் புதுப் பக்கங்கள் வந்தன. ஒரு வசனம்கூட இல்லை.

"மௌன விரதத் துறவி," என்றாள் ஃபெலிசிட்டி.

"ஐயோ, பேசாம எப்படி? எதையாவது பேச விடுங்க."

அவள் மாற்றினாள். துறவி இப்போது சுவர் எழுப்பி அடைத்த குகைக்குள் இருந்தபடி பேசினார். சுவரில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. முகம் தெரியாது.

"குரலாவது என்னுதுதானே?"

"இருபது வருஷம் இத்தாலியில இருந்தவர் இத்தாலி மொழியில பேச வேண்டாமா? குரலுக்கு ஒரு இத்தாலிக்காரரைப் பிடிச்சிருக்கோம்."

"அப்ப நான்?"

"ரொட்டி வாங்க ஓட்டை வழியா ஒரு கை வெளிய வரும். அது நீங்க."

அதுவும் நிலைக்கவில்லை. பட்டினி கிடக்கும் துறவிக்கு இப்படிக் கொழுத்த கையா என்று இயக்குநர் கத்தினார். விளக்குத் தூக்குகிறவர்களில் எலும்பும் தோலுமாக இருந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று டெரிக் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜா உயிரோடு இருந்தார். டெரிக்தான் எங்கேயும் இல்லை.

அவன் ஃபெலிசிட்டியிடம் ஓடினான்.

"தயவு பண்ணி என்னைக் கொன்னுடுங்க. கம்பியானாலும் சரி."

"எப்படி டெரிக்? உங்களைத்தான் ஏற்கெனவே புதைச்சாச்சே."

படப்பிடிப்பின் கடைசி நாளில் கீத்தே வந்து சேர்ந்தான். பக்கத்து ஊரில் ஒரு சவத்தைச் சேர்த்துவிட்டு வந்த வழியாம். சவ வண்டியைப் படப்பிடிப்பு நடந்த கோட்டையின் வாசலிலேயே நிறுத்தி, டெரிக்கை முன் இருக்கையில் ஏற்றி, கறுப்புக் கோட்டை அவன் மடியில் போட்டான்.

"போட்டுப் பாரு மச்சான். தோள்ல கொஞ்சம் தாராளமாவே விட்டிருக்கேன். நாளைக்கு ரெண்டு அடக்கம் இருக்கு. இந்தத் தடவை கையை விட்டுடாதே."

டெரிக் கோட்டின் கையில் கையை நுழைத்தான். அளவு கச்சிதமாக இருந்தது.

அப்போது வண்டிக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். வில்ஃப். முகமெல்லாம் சாம்பல் பவுடர், கண்ணைச் சுற்றி மை. அவருக்குப் பின்னால், அதே சாம்பல் முகத்தோடு, பெர்னார்டு கையாட்டிக்கொண்டிருந்தார்.

டெரிக் கண்ணாடியை இறக்கினான். வில்ஃப் உள்ளே கையை விட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கண்களில் நீர் கோத்திருந்தது.

"காலையிலதான் அறிவிச்சாங்க, இனிமே சொல்லலாம். அடுத்த சீசன்லேர்ந்து இந்த வம்சத்துல செத்தவங்கதான் பேயா வந்து கதை சொல்றாங்க. உங்களுக்குப் பதிலா என்னை அஞ்சு சீசனுக்குப் போட்டிருக்காங்க மகாராஜா, நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்!"