கம்பளிக்குள்ள ஒரு தொரை

எங்க கோத்தகிரிக் குளிருல, காலையில யாரு மொதல்ல கம்பளிய உட்டு எந்திரிச்சு அடுப்பப் பத்த வைக்கறாங்களோ, அவங்கதானுங்க அந்த ஊட்டுக்கு அடிமை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்க ஊட்டு அடிமை நான்தான். இந்த வருஷம் விடுதலை வாங்கியே தீர்றதுன்னு முடிவு பண்ணுனேன்.

வழியும் தானா வந்துச்சு. எஸ்டேட் விழாவுக்கு வெள்ளைக்காரன் காலத்து நாடகம் ஒண்ணு போட்டாங்க. தோட்டத்துத் தொரை ஆளுங்கள விரட்டுவான், கடைசியில அவங்க ஸ்ட்ரைக் பண்ணி அவன மடக்கிருவாங்க. சரியான கிண்டல் நாடகம். எழுதுனது பள்ளிக்கூடத்து வாத்தியார் தினகரன். நான் வேலை பாக்கற டீ ஃபேக்டரியில என்னைய விட ஒசரமான ஆள் இல்லாததால தொரை வேஷம் எனக்கு. ஸ்ட்ரைக் பண்ற கொழுந்துக்காரி என் சம்சாரம் வாசுகி. நெசத்துலயும் அவளுக்குக் கொழுந்து பறிக்கற வேலைதானுங்க.

அன்னைக்கே அவகிட்டப் பக்குவமா ஆரம்பிச்சேன்.

"இதப் பாரு வாசுகி, மேடையில ஏறுனதும் வேஷம் வந்துராது. ஊட்டுலயும் தொரையா இருந்து பழகுனாத்தான் ஒட்டும்."

"அதுக்கு நான் என்ன பண்ணோணுங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. காலையில நான் படுக்கையிலயே இருப்பேன். நீ டீயக் கொண்டாந்து, 'டீ ரெடிங்க, தொரை'ன்னு சொல்லோணும்."

சண்டைக்கு வருவான்னு பதிலெல்லாம் தயாரா வச்சிருந்தேன். அவ கொஞ்சம் யோசிச்சுட்டு, நாடகம் நல்லா வந்தாச் சரிதான்னு சொல்லிட்டா. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும். வரல.

அடடா, அந்த மூணு வாரம்! தொப்பியோட கம்பளிக்குள்ள கெடப்பேன். டீ வரும். மீசைய முறுக்கி, ஒரு வாய் உறிஞ்சி, "ஹூம், சூடு பத்தல"ன்னு ஒரு உறுமல். வாசுகி கட்டிலோரம் நின்னு வச்ச கண்ணு வாங்காம என்னையே பாப்பா. சொக்கிப் போயிட்டான்னு நெனச்சேன். ஒரு நாள் டம்ளர வாங்கறப்ப அவ வெரலு பட்டுச்சு. ஐஸுக்கட்டி. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா டீ சூடா இருந்துச்சுங்களா, மறந்துட்டேன்.

விழாவும் வந்துச்சு. ஸ்ட்ரைக் காட்சியில, கூலிய ஒசத்துங்கன்னு அவ கேக்கோணும். கேக்கல. நேரா வந்து என் தொப்பியக் கழட்டித் தன் தலையில வச்சுக்கிட்டா. சால்வைய இழுத்துக் கழுத்து வரைக்கும் போத்திக்கிட்டா. இல்லாத மீசைய முறுக்கி, இல்லாத டீய உறிஞ்சுனா.

"ஹூம், சூடு பத்தல."

அப்படியே என் உறுமல். பொம்பளைங்க அத்தனை பேரும் எந்திரிச்சு விசிலடிச்சாங்க. பக்கத்து ஊட்டு கெஸியா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. மானம் கப்பலேறுதேன்னு நெனைக்கறதுக்குள்ள எனக்கே சிரிப்பு வந்துருச்சுங்க. அவ்வளவு தத்ரூபம்.

மேடைய உட்டு எறங்குனதும் வாத்தியார் ஓடி வந்தாரு. அடுத்த மாசம் பக்கத்து ஊரு அரவேணுல நாடகமாம். இனிமே தொரை வேஷம் வாசுகிக்குத்தான்னு அங்கயே சொல்லிட்டாரு.

எங்கடி கத்துக்கிட்டேன்னு கேட்டேன்.

"ஊட்டுல பழகுனாத்தான் ஒட்டும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. மூணு வாரமா உங்களப் பாத்துப் பழகுனேனுங்க."

இப்ப அரவேணு நாடகத்துக்கு ஊட்டுல ஒத்திகை. கம்பளிக்குள்ள தொப்பியோட அவ. எனக்கு பட்லர் வேஷம். வசனம் ஒண்ணே ஒண்ணு: "டீ ரெடிங்க, தொரை." சொல்லிட்டுக் குளிருல நடுங்கிட்டு நிக்கறேன்.

சூடு பத்தலையாமா.