ஜீப்பும் இரண்டு பூட்டும்

ஒரு பொருளைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று என்னிடம் யாரும் கேட்டுவிடாதீர்கள். வைப்பேன். அந்தப் பிரம்மாவே வந்தாலும் எடுக்க முடியாதபடி வைப்பேன். என்னாலும் எடுக்க முடியாது, அதுதான் சிக்கல்.

எனக்கு நெய்வேலி சுரங்கத்தில் மெயின்டனன்ஸ் வேலை. நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கிய ஜோரில், அது சேற்றில் சிக்கினால் மீட்பதற்கென்று இழுவைப் பட்டை, இரும்புக் கொக்கி, மண்வெட்டி, பெரிய ஜாக்கி என்று ஒரு சீர்வரிசையே வாங்கிவிட்டேன். (வண்டி அதுவரை ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கிற வண்டி எதில் சிக்கும்?)

எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டில் பொருள் இருந்தால் எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரிதான். பட்டை பக்கத்து வீட்டில் துணி காயப்போடும் கொடியானது. கொக்கியில் எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஊஞ்சல் கட்டிவிட்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. திரும்ப வாங்கிவர என் மனைவி கலைச்செல்விதான் படியேற வேண்டும்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரைப் பிரிக்கும் முன் சுவிட்சை அணைத்து, வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வோம். எல்லாரும் திறந்தால்தான் மோட்டார் ஓடும். இந்த ஞானத்தை ஜீப்புக்குக் கொண்டுவந்தேன். பின்பக்கம் ஓர் இரும்புப் பெட்டியை போல்ட் போட்டு இறுக்கி, எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, இரண்டு பூட்டு. ஒரு சாவி எனக்கு, ஒரு சாவி கலைக்கு. இனி நானே நினைத்தாலும் இரவல் கொடுக்க முடியாது.

கலையின் தம்பி செந்திலுக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம் நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். செந்திலின் ஷிப்டால் ஏற்கெனவே ஒரு தேதி தள்ளிப்போனதில் பெண் வீட்டாருக்கு மனத்தாங்கல். இன்னொரு முறை தவறினால் சம்பந்தமே கைவிட்டுப் போய்விடும். எல்லாரும் வேனில் முன்னால் போக, மாப்பிள்ளையை ஜீப்பில் அழைத்துவரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நல்ல தார்ரோடு இருந்தது. ஜீப்பின் பெருமையைக் காட்ட நான்தான் வாய்க்கால் கரையில் விட்டேன். முந்தின நாள் மழை. நாலு சக்கரமும் இழுத்தன, கீழ்நோக்கி.

"மாமா, பொட்டியத் தொறங்க," என்றான் செந்தில், பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி.

என் பூட்டைத் திறந்தேன். கலையின் பூட்டு அசையாமல் தொங்கியது, அதன் சாவி அவளோடு வேனில் போய்விட்டது. உடைக்கலாம் என்றால் சுத்தியலும் உள்ளே இருந்தது. மணி ஒன்பதே கால். கலைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அங்கயே இருங்க," என்று போனை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு டிராக்டர் வந்தது. ஓரத்தில் பட்டுப்புடவையோடு கலை உட்கார்ந்திருந்தாள். ஓட்டிவந்தது கல்யாணப் பெண். அவள் அப்பா உறவுக்காரர்களை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தாராம், வீட்டில் டிராக்டர் ஓட்டத் தெரிந்த வேறு ஆள் இல்லையாம். பாதி பின்னிய சடை, நைட்டிக்கு மேல் துண்டு. செந்தில் அவசரமாக வேட்டியைக் கீழே விட்டான், சேற்றிலேயே.

கலை இறங்கிவந்து தன் பூட்டைத் திறந்தாள். நான் கெத்தாகப் பட்டையை எடுத்து பம்பரில் மாட்டப் போனேன்.

"அண்ணா, பம்பரு புடுங்கிக்கினு வந்துடும். கீழ சேசிஸ் சட்டத்துல மாட்டுங்க," என்றாள் பெண். மாட்டினேன். "இப்ப ஓரமா நில்லுங்க. ஸ்டேரிங்க அவரு புடிக்கட்டும்."

ஒரே இழுப்பு, வண்டி கரையேறிவிட்டது. பத்து இருபத்தெட்டுக்குத் தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் வேட்டி முழங்கால்வரை வாய்க்கால் நிறத்தில் இருந்தது. பெண்ணின் அப்பா அதைப் பார்த்தார், மகளின் காலில் காயாத சேற்றைப் பார்த்தார், பெரிய மனதோடு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் ஜீப்பை ஓட்டுவது செந்திலின் மனைவிதான். பின்னால் இரும்புப் பெட்டியின் மேல் எனக்கு இடம். போன பொங்கலுக்கு எனக்கு வேட்டி சட்டை எடுப்பதற்குப் பதில், பெட்டி அளவுக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். பூட்டு இரண்டையும் கழற்றிக் கலையிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க மேல ஒக்காந்துகினு இருந்தா போதும்ணா. யாரும் எடுக்க மாட்டாங்க."