வரலாம்... வரலாம்... நில்லு!

விமானம் அசைவேனா என்றது.

பல் டாக்டர், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டின் பட்டன்களை ஒன்றுவிடாமல் அமுக்கிப் பார்த்துவிட்டார். விளக்கு எரிந்தது, கண்ணாடித் துடைப்பான் ஆடியது, பயணிகள் பெல்ட் மாட்டிக்கொள்ள மணி அடித்தது. விமானம் மட்டும் நிலையக் கட்டடத்தில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, அதுதான் புகுந்த வீடு என்பதுபோல நின்றது.

"இன்னும் பறக்கலையா?" சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"பறக்கறதெல்லாம் அப்புறம். முதல்ல பின்னாடி போகணும்."

"பின்னாடி போறதுக்கா விமானம்?"

"விமானம் தானா ரிவர்ஸ்ல வராதும்மா. ஒரு குட்டி வண்டி வந்து மூக்கைப் பிடிச்சுப் பின்னாடி தள்ளிவிடணும்."

"அட, உங்களை மாதிரியே!"

டாக்டர் பல்லைக் கடித்தார். பல்லைக் கடிக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் காசு வாங்குகிறவர், இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் கடித்துவிடுவார்.

விஷயம் இதுதான். போன வருஷம் மாமனாரின் காரை ரிவர்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று, மாமனாரின் சுவரிலேயே கொண்டுபோய் இடித்தார். மாமனாரோ லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப்பேரை ஃபெயிலாக்கிய மனுஷர். இப்போது அவர் புதுக் கார் வாங்குகிறார். பழையதை எந்த மாப்பிள்ளைக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, "பெரிய மாப்பிள்ளைக்குத்தான் ரிவர்ஸ் வராதே" என்று சின்ன மாப்பிள்ளை இளித்தான். டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"காரென்ன மாமா, நான் விமானத்தையே ரிவர்ஸ் எடுப்பேன்!"

"கம்ப்யூட்டர்லதானே? எடுத்துக் காட்டுங்க மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீடியோவுல வர்றேன். எடுத்துட்டா சாவி உங்களுக்கு."

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலமும் வந்துவிட்டது.

கோளாறு ஒருவழியாகப் பிடிபட்டது. பிரேக்கை விடவே இல்லை. பிரேக்கோடு மல்லுக்கட்டிய தள்ளுவண்டியைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டருக்கே காய்ச்சல் வந்து, திரை அப்படியே உறைந்தது. பெட்டியைத் தொட்டால் தோசைக்கல் சூடு.

காற்றுக்காக மேஜையை ஜன்னலோரம் தரதரவென்று இழுத்தார். மேஜைக்கடியில் ஏதோ ஒன்று இழுபட்டு அறுந்ததுபோல இருந்தது. பெரிய வேலை செய்கிறவர்கள் குனிந்து பார்ப்பதில்லை. ஜன்னலை விரியத் திறந்தார்.

கீழே கார் நிறுத்துமிடம். கீழ்வீட்டு பேங்க் மேனேஜரம்மாவின் புதுக் காரை, விற்ற கடைக்காரர்கள் கொண்டுவந்து இரண்டு தூணுக்கு நடுவே சொருகிவிட்டுப் போய் மூன்று மாதமாகிறது. அந்தம்மா அதைத் தினமும் துடைப்பதோடு சரி. இன்றும் துணியும் கையுமாக நின்றார். டாக்டர் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். சத்தம் என்றாலே அந்தம்மாவுக்கு ஆகாது. சுவரில் ஆணி அடித்ததற்கே ஒருமுறை படியேறி வந்துவிட்டவர்.

கம்ப்யூட்டர் மறுபடி உயிர்பெற்றது. அடுத்த சிக்கல் முளைத்தது. ஒரு கை மவுசைப் பிடித்து விமானத்தின் பின்பக்கம் பார்க்க வேண்டும், இன்னொரு கை செல்போனில் செய்முறையைப் புரட்ட வேண்டும். தள்ளுவண்டியை ஓட்ட மூன்றாவது கைக்கு எங்கே போவது?

"நீதான் தள்ளுவண்டி டிரைவர். வா!"

"வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கேன். அந்தக் கீபோர்டுல ஒயர் இல்லையே, இங்க கொண்டாங்க. நீங்க சொல்லுங்க, நான் அமுக்கறேன்."

கீபோர்டு சமையல் மேடைக்குப் போனது. டாக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, முழுக்குரலில் ஆரம்பித்தார்.

"பிரேக்கை விடு!"

"விட்டாச்சு!"

"மெதுவா பின்னாடி... வரலாம்... வரலாம்..."

*பீப்... பீப்... பீப்...* என்று சத்தம் வந்தது. டாக்டருக்குப் புல்லரித்தது. தள்ளுவண்டி பின்னால் போகும்போது எழுப்பும் ஒலியைக்கூட விடாமல் சேர்த்திருக்கிறார்களே!

"சத்தத்தைக் கேட்டியா? அசல் விமான நிலையமே தோத்துடும்!"

"கண்ணுல தண்ணியா கொட்டுது, காது கேக்கலை!"

"இடது பக்கம் ஒடி! இன்னும் ஒடி!"

இங்கேதான் வினை. டாக்டர் நாள் முழுக்கக் கண்ணாடிக் குச்சியை வாய்க்குள் விட்டு, இடதை வலதாகப் பார்த்தே பல் அடைக்கிறவர். அவருடைய இடது யாருடைய இடது என்று அவருக்கே சந்தேகம். விமானத்தின் வால் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, பக்கத்து விமானத்தின் இறக்கையை உரசப் போனது.

"நில்லு! நில்லு! நில்லு!"

*க்ரீச்!*

பிரேக் சத்தம்கூட என்ன துல்லியம்! ஆனால் விமானம் நிற்கவில்லை, உரசியேவிட்டது.

"ஏன் நிறுத்தலை?"

"எந்தப் பட்டன்னு சொன்னீங்களா?"

"கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு வண்டி ஓட்டறியா, மூடிக்கிட்டு ஓட்டறியா?"

"வெங்காயத்தை நீங்க உரிங்க, தெரியும்!"

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை கோபத்தில் குரல் இன்னும் ஏறியது. "பயப்படாதே! ஸ்டியரிங் உன்னைக் கடிக்காது! வரலாம்... வரலாம்... வலது பக்கம் லேசா... லேசான்னு சொன்னேன்!" வெங்காயம் பட்ட விரல் கீபோர்டில் வழுக்கியது. விமானம் சாப்பாட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போய், அதை உதறிவிடத் திருப்பப் போய், எண்ணெய் லாரியின்மேல் வாலைச் சாய்த்துக்கொண்டு ஓய்வெடுத்தது. எங்கோ ஒரு விசில் ஊதியது. *டமார்* என்று ஒரு வாளி உருண்டது. விமான நிலையத்தில் வாளி எதற்கு என்று டாக்டர் ஒரு கணம் யோசித்தார். தரை கழுவ வேண்டாமா என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

செல்போன் அலறியது. வீடியோவில் மாமனார், மூக்குக் கண்ணாடி சகிதம்.

"மாப்பிள்ளை, திரையைக் காட்டுங்க. ஓகோ... அந்த லாரி எங்கேயிருந்து வந்துச்சு?"

"அது... நின்னுக்கிட்டிருந்துச்சு மாமா."

"என் சுவரும் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு!"

மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சின்ன மாப்பிள்ளை சாவியைச் சுண்டிப் பிடித்து விளையாடுவது டாக்டரின் கண்முன் வந்தது. கார் போகட்டும், இனி ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இந்த லாரி கதை பந்தியில் பரிமாறப்படுமே!

"மனசைத் தளர விடாதீங்க" என்றார் மாமனார், சிரிப்பைத் துடைத்துக்கொண்டு. "ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி நீங்க சொல்லி ஒழுங்கா பின்னாடி வந்ததுன்னு யாராவது சாட்சி சொல்லட்டும். இப்பவே சாவியைத் தர்றேன்."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். பார்வை மேஜைக்கடியில் போனது.

"ஏங்க, ஸ்பீக்கர் ஒயர் தனியா கிடக்குதே. மேஜையை இழுத்தப்பவே பிடுங்கிட்டு வந்திருக்கும் போல."

"அதெப்படி? இவ்வளவு நேரம் சத்தம் கேட்டுதே!"

"எந்தச் சத்தம்?"

"பீப் பீப்னு... க்ரீச்சுனு... விசில்..."

காலிங் பெல் அடித்தது.

வாசலில் கீழ்வீட்டு மேனேஜரம்மா. தலை கலைந்திருந்தது, மேல்மூச்சு வாங்கியது, ஒரு செருப்பு நனைந்திருந்தது. டாக்டர் ஓரடி பின்வாங்கினார். கையில் பிடித்திருந்த செல்போனில் மாமனார் வேறு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா, சத்தம் கொஞ்சம் அதிகமாயிடுச்சு. நான் திட்டினது உங்களை இல்ல..."

"மன்னிப்பா? டாக்டர், நீங்க ஜன்னல்லேருந்து சொல்லச் சொல்ல ஒடிச்சு, மூணு மாசமா தூணுக்கு நடுவுல நின்ன காரை ஒரு கீறல் இல்லாம ரிவர்ஸ் எடுத்துட்டேன். மறுபடி உள்ள விடறதுக்கும் இதே மாதிரி ஒரு தடவை திட்டிடுங்களேன்!"